நடுக்கட்டுச் சூடு

அட்டைப்பெட்டி ஆலையில் அவருக்குப் பெயர் வைத்தியர். மருந்துக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. சரக்கு ஏற்றி அனுப்பும் ஷெட்டுக்கு இருபத்தொரு வருடமாக சூப்பர்வைசர், அவ்வளவுதான். மிஷினிலிருந்து இறங்கும் பெட்டிகளை மடக்கித் தட்டையாக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, ஆள் உயரத்துக்கு அடுக்கி அவருடைய ஷெட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். அவர் போய் அடுக்கின் நடுவில், இரண்டு கட்டுகளுக்கு இடையே கையை முழங்கை வரை நுழைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிடம் கழித்து "ஏத்து" என்பார், இல்லாவிட்டால் "இருக்கட்டும்" என்பார். இருக்கட்டும் என்றால் இருக்க வேண்டியதுதான். லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும் சரி, முதலாளியே போன் போட்டாலும் சரி. "அண்ணன் நாடி பாக்கறாரு, சத்தம் போடாதீங்கப்பா" என்று லோடுமேன்கள் கிண்டல் பண்ணிப் பண்ணி அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய மனைவிக்கும் அதே ஆலையில்தான் வேலை. மாடியில் கண்ணாடி அறை, திட்டப்பிரிவு. எந்த லாரி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவள் எழுதுவாள். கிளம்புவதும் கிளம்பாததும் கீழே இவர் கையில் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும், ரசீது எது, டெலிவரி சலான் எது என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அதை அவர் மறக்கவில்லை. மற்றவர்களும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

இந்த வருடம் அவளுக்கு எக்ஸிகியூட்டிவ் எம்பிஏவில் இடம் கிடைத்தது. பத்து வருடமாவது வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமான படிப்பு. சனி, ஞாயிறுகளில் வகுப்பு. ஆஸ்பத்திரி நிர்வாகி, வங்கி மேலாளர், தானிய கோடவுன் நடத்துகிறவர் என்று நாற்பது நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பை மாட்டிக்கொண்டு வருவார்கள்.

வைத்தியருக்கு வயிறு எரிந்தது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் அவளுடைய கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்தால் எரிந்தது. அதிகாலையில் அவள் அலாரம் வைத்து எழுந்து படிக்கும்போது பக்கத்தைப் புரட்டுகிற சத்தத்துக்கு எரிந்தது. எல்லாவற்றையும்விட, சாயங்காலம் அவளுடைய குழுவிலிருந்து போன் வந்தால் அவள் பால்கனிக்குப் போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசுவாளே, அப்போது அவருக்குக் காதில் புகை வந்தது. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு வருடக்கணக்காகிறது. தன்னிடம் சிரிக்கக்கூடாது என்று அவள் முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. சிரிக்கிற மாதிரி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவே.

"யாரு போன்ல?" என்று கேட்பார்.

"கோடவுன்காரருங்க. குரூப் வேலை."

"குரூப் வேலையில அவ்வளவு என்ன சிரிப்பு?"

"அவரு முப்பது வருஷமா மூட்டை எண்றாராம், பரீட்சையில கூட்டல் தப்பாயிடுச்சாம். அதச் சொன்னாரு."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

பதிமூன்று வயது மகள், வீட்டில் வாலு என்று பெயர் வாங்கியவள், வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்: "அப்பா, உங்களுக்குப் பொறாமை."

"எனக்கென்னடி பொறாமை? இருபத்தொரு வருஷம் சர்வீஸ் எனக்கு. புஸ்தகத்துல படிச்சா லாரி நகருமா?"

"பாத்தீங்களா, பொறாமை."

வாலுக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. போன வருடம் இதே படிப்புக்கு அவரும் விண்ணப்பம் போட்டிருந்தார். பல் வலி என்று லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையைப் பையில் மறைத்து எடுத்துப்போய், பஸ் நிலையக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு நேர்காணலுக்குப் போனார். மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த வெள்ளைத்தாடிப் பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க வேலையில நீங்க செஞ்ச ஒரு பெரிய தப்பு சொல்லுங்க. அதுலேர்ந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

சோப்புக் கம்பெனி லோடு அந்த நொடியே நினைவுக்கு வந்தது. பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். மழைக்காலம். மேலே தொட்டுப் பார்த்துவிட்டு "ஏத்து" என்று சொல்லிவிட்டார். அட்டையை ஒட்டுவது மாவுப் பசையும் நீராவியும். அடுக்கி வைத்தால் வெளிப்புறம் சீக்கிரம் ஆறிவிடும். நடுக்கட்டில் சூடும் ஈரமும் அப்படியே இருக்கும். அதோடு ஏற்றித் தார்ப்பாயைப் போட்டு மூடினால் உள்ளுக்குள்ளேயே வேர்த்து அட்டை தொய்ந்துபோகும். அந்தப் பெட்டிகளில் சோப்பை நிரப்பி அடுக்கியதும் அடிவரிசை நசுங்கி மொத்த அடுக்கும் சரிந்தது. லோடு முழுதும் திரும்பி வந்தது. பெரிய முதலாளி எல்லோர் முன்னாலும் அவரை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நடுவில் கை விடும் பழக்கம். அன்றைக்கு அங்கே இருந்த யாரும் இன்று ஆலையில் இல்லை. பெரிய முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் சின்ன முதலாளி வந்துவிட்டார். காரணம் வைத்தியர் ஒருவருக்கே தெரியும். காரணத்தைச் சொன்னால் அந்த லோடையும் சொல்ல வேண்டும். அதனால் யாருக்கும் சொன்னதில்லை.

பேராசிரியருக்கும் சொல்லவில்லை. "அப்படிப் பெருசா ஒண்ணும் தப்பு பண்ணல சார்" என்றார். பத்து நாளில் வருத்தத்தோடு ஒரு கடிதம் வந்தது. அது ஷெட்டில் அவருடைய லாக்கரில், மாற்றுச் சட்டைக்கு அடியில் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து மனைவி, "என்னங்க, நான் இதுக்குப் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டபோது, "போடேன், யாரு வேணாங்கறா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். தனக்கே கிடைக்காதது அவளுக்கா கிடைத்துவிடும் என்ற தைரியம்.

இப்போது பருவக் கடைசிப் பணி. அவரவர் வேலையிடத்தில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, அளந்து, தீர்வு சொல்ல வேண்டும். அரங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதில் தேறினால்தான் அடுத்த பருவம். அவள் எடுத்துக்கொண்ட சிக்கல் ஷெட்டில் பெட்டிகள் காத்துக் கிடக்கும் நேரம்.

மூன்று வாரம் நோட்டும் கடிகாரமுமாக அவள் ஷெட்டில் வந்து நின்றாள். வைத்தியருக்குத் தன் பகுதியில் தானே குற்றவாளி மாதிரி இருந்தது. லோடுமேன்களிடம் கேட்டாள். மூத்த லோடுமேன் தலையைச் சொறிந்தார். "எங்களுக்கு என்ன மேடம் தெரியும்? அண்ணன் ஏத்துன்னா ஏத்துவோம். உங்க வீட்டுக்காரருதான, நீங்களே கேளுங்க."

கேட்டாள்.

"எதுக்குங்க நிறுத்தி வைக்கறீங்க?"

"அனுபவம்."

"அனுபவம்னு எழுத முடியாதுங்க. காரணம் சொல்லுங்க."

"தோணுச்சுன்னா ஏத்துவேன், தோணலன்னா மாட்டேன். எழுதிக்க."

இரண்டாவது முறை வீட்டில் கேட்டாள். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு வகுப்பு இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் துணி அவர் பொறுப்பு. ஒவ்வொரு துணியையும் உதறுகிற உதறலில் அவருடைய அபிப்பிராயம் தெரியும்.

"ஒரு நாள் நாப்பது நிமிஷம் வைக்கறீங்க, இன்னொரு நாள் ரெண்டரை மணி நேரம். ஏன்னு சொன்னாப் போதுங்க. எனக்கு அது ஒண்ணுதான் இடிக்குது."

"உங்க கோடவுன்காரரக் கேளு. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவள் கிளிப் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது முறை, அரங்கத்துக்குப் போவதற்கு முதல் நாள் காலை. வெளியே தூறல். அவள் டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். படித்துப் படித்துக் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"நாளைக்கு சின்ன முதலாளியும் வர்றாரு. காத்திருப்பு வேண்டாம், இறங்கின உடனே ஏத்தலாம்னு எழுதியிருக்கேன். அது தப்புன்னா இப்பச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

சொல்லியிருக்கலாம். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம். அவள் சொல்வதைக் கேட்டு சின்ன முதலாளி சூட்டோடு ஏற்றச் சொன்னால் ஒரு மழையில் லோடு சரியும். அவள் மானமும் அதோடு சரியும். அது அவருக்குத் தெரியும். ஆனால் நுனிநாக்கு வரை வந்த சொல்லைப் பொறாமை கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியது. அத்தனை மெத்தப் படித்தவர்கள் கூடியிருக்கிறார்களே, கண்டுபிடிக்கட்டுமே.

"நீதான அளந்த. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?" என்றார்.

அவள் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரையும் வேலையிடத்திலிருந்து ஒருவரையும் அழைத்து வரலாம் என்று அறிவிப்பு. வைத்தியர் வீட்டு ஆளாகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். வேலையிடத்து ஆளாக முன்வரிசையில் சின்ன முதலாளி. நடுவில் அந்த வெள்ளைத்தாடி. அதைப் பார்த்ததும் வைத்தியர் முன் இருக்கையின் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் சரிந்துகொண்டார்.

அவள் நன்றாகப் பேசினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வீட்டில் பால் பாக்கெட் வாங்கச் சொல்கிற அதே குரல், இங்கே நூறு பேரைக் கட்டிப்போட்டிருந்தது. திரையில் அவருடைய ஷெட் கோடுகளும் கட்டங்களுமாக விரிந்தது. ஒரு சிவப்புக் கட்டத்தில் 'காரணமற்ற காத்திருப்பு' என்று இருந்தது. அந்தச் சிவப்புக் கட்டம் தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. அதை எடுத்துவிட்டால் தினம் இரண்டு லாரி கூடுதலாகப் போகும் என்றாள்.

"திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடலாம்" என்றார் சின்ன முதலாளி, பாதி எழுந்து.

பேராசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு நிமிஷம். காரணமில்லாத காத்திருப்புன்னா தினமும் ஒரே மாதிரி இருக்கணுமே? ஒரு நாள் நாப்பது நிமிஷம், ஒரு நாள் ரெண்டரை மணி நேரம். எதுக்கோ காத்திருக்காருன்னுதான அர்த்தம்? எதுக்கு?"

"தெரியல சார்."

"அந்த சூப்பர்வைசரக் கேட்டீங்களா?"

"மூணு தடவ கேட்டேன் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் என் புருஷன், வேண்டுமென்றே சொல்லவில்லை, அதோ கடைசி வரிசையில் ஒளிந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

வைத்தியர் எழுந்துவிட்டார். அவளைக் காப்பாற்றத்தான் எழுந்தேன் என்று பிற்பாடு பல நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாதிதான் உண்மை. அரங்கமே பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. பதில் இவர் ஒருவரிடம் இருந்தது. அப்படி ஒரு நிமிடத்துக்குத்தான் அவர் வருடம் பூராவும் ஏங்கியிருந்தார்.

"சார், அந்த சூப்பர்வைசர் நான்தான்" என்று ஆரம்பித்தார். பசை, நீராவி, நடுக்கட்டு, மழை நாளில் ஏன் கூடுதல் நேரம் எல்லாம் சொன்னார். சொல்கிற வேகத்தில் சோப்புக் கம்பெனி லோடும் வெளியே வந்துவிட்டது. "என் தப்புதான் சார் அது. மேல தொட்டுப் பாத்துட்டு அனுப்பிட்டேன். அன்னிலேர்ந்து நடுவுல கை விடாம ஒரு லோடு ஏத்தினதில்ல."

முன்வரிசையில் தலைகள் திரும்பின. அப்புறம் கைதட்டல். கோடவுன்காரர் எழுந்து நின்றே தட்டினார். வைத்தியருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பேராசிரியர் மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி உற்றுப் பார்த்தார். "உங்கள எங்கேயோ பாத்திருக்கேனே... போன வருஷம் இன்டர்வியூக்கு வந்தீங்கல்ல? தப்பே பண்ணலன்னு சொன்னது நீங்கதான?"

வைத்தியருக்கு முகம் சுண்டிப்போனது.

"இன்னிக்குச் சொன்னத அன்னிக்குச் சொல்லியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருப்போமே ஐயா" என்றார் பேராசிரியர். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். பிறகு மேடைப் பக்கம் திரும்பினார். "மேடம், அளவு எல்லாம் சரி. ஆனா முடிவு தப்பு. ரெண்டு வாரம் தர்றேன். திரும்பச் செஞ்சு கொண்டாங்க."

மேடையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் கைதட்டவில்லை.

ஸ்கூட்டரில் பாதி தூரம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூடியிருந்த ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நனைந்து உள்ளே இருந்த அத்தனை தாளும் வீணாகிவிடக்கூடாது என்ற கவலை இன்னும் இருந்தது அவளுக்கு.

"பல் வலின்னு லீவு போட்டீங்களே, அன்னிக்கா?"

"ஆமா."

"நான் அன்னிக்கு ஆபீஸ்ல பர்மிஷன் போட்டு, உங்களுக்குக் கஞ்சி காய்ச்ச சீக்கிரம் வந்தேன்."

அவருக்கு அது நினைவிருந்தது. வலிக்காத பல்லோடு அந்தக் கஞ்சியைக் குடித்தார்.

"போட்டது தப்பில்லங்க. கிடைக்காதத மறைச்சதுகூடப் பரவால்ல. லோடு விஷயத்த வீட்டுல, அந்த மேசையில உக்காந்து, என்கிட்ட ஒருத்திகிட்டச் சொல்லியிருக்கலாம்ல? அங்க வந்து சொன்னீங்களே."

"உன்னக் காப்பாத்தலாம்னுதான்..."

"காப்பாத்தவா? அவங்க தட்டினப்போ உங்க மூஞ்சிய நான் மேலேர்ந்து பாத்துட்டுதான் இருந்தேன்."

மழை தகரத்தில் கொட்டியது. வைத்தியர் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு மாடி இருக்கு, படிப்பு இருக்கு, சிரிக்கச் சிரிக்கப் பேச ஆளுங்க இருக்காங்க" என்றார் கடைசியில். "எனக்கு என்ன இருக்கு? அந்தக் கை ஒண்ணுதான். அதையும் உன் நோட்டுல எழுதிக் குடுத்துட்டா நான் அங்க எதுக்கு?"

அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் இன்னிக்கு வயிறு எரிஞ்சுது" என்றாள். "நாலு மாசம் விடியக்காலையில எந்திரிச்சேன். அஞ்சு நிமிஷத்துல என் கைதட்டலையும் சேத்து வாங்கிட்டுப் போயிட்டீங்க."

மழை விட்டதும் வண்டியை எடுத்தார்கள். வீட்டில் வாலு கதவைத் திறந்து இரண்டு முகத்தையும் பார்த்தாள். எதையோ கேட்க வாயைத் திறந்து, நல்லவேளையாக மூடிக்கொண்டு, துண்டு எடுத்துவரப் போனாள்.

நான்கு நாள் வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஐந்தாம் நாள் காலை அவள் ஷெட்டுக்கு வந்தாள். கையில் நோட்டோடு ஒரு கருவியும் இருந்தது. கைப்பிடியில் எண் காட்டும் சின்னத் திரை, முன்னால் ஒரு முழ நீளத்துக்கு ஊசி. தானிய மூட்டையில் குத்தி உள்ளே இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் பார்க்கும் சாமான். கோடவுன்காரர் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"நீங்க வழக்கம்போலக் கை விட்டுப் பாருங்க. நீங்க ஏத்துன்னு சொல்றப்போ இதுல என்ன காட்டுதுன்னு நான் எழுதிக்கறேன். அம்பது லோடு எழுதினாப் போதும்."

வைத்தியருக்குப் புரிந்தது. ஐம்பது லோடுக்குப் பிறகு அந்த ஊசி இருந்தால் போதும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடக் குத்திப் பார்த்து "ஏத்து" என்று சொல்லிவிடுவான். இன்னொன்றும் புரிந்தது. அவர் மாற்றி மாற்றிச் சொன்னால் எண்கள் குழம்பும். எழுதியதற்கும் சொன்னதற்கும் பொருந்தாது. அவள் கொண்டுபோகிற தாளில் மறுபடியும் ஒரு சிவப்புக் கட்டம்தான் மிஞ்சும். இந்த முறை அதைக் கண்டுபிடிக்க எந்தத் தாடிக்காரராலும் முடியாது.

முதல் லோடு காலை ஆறு மணிக்கே இறங்கிக் காத்துக் கிடந்தது. வெயில் நாள் வேறு. அவர் நடுவில் கையை நுழைத்து அரை நிமிடம் கண்ணை மூடினார். சூடு போய், அட்டை முறுக்கேறிக் கைக்கு நன்றாகக் காய்ந்து நின்றது. சந்தேகமே இல்லை.

"இருக்கட்டும். இன்னும் ஆகல" என்றார்.

அவள் ஊசியைக் குத்தவில்லை. நோட்டைப் பக்கத்துக் கட்டின் மேல் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கை இருந்த அதே இடைவெளியில் தன் கையையும் முழங்கை வரை நுழைத்தாள். உள்ளே அவளுடைய விரல் அவர் விரலில் பட்டது. அவர் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அரை நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். அவள் கண்ணை மூடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் அவள் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஏத்தலாம்" என்றாள்.

லோடுமேன்கள் நகரவில்லை. மேடத்தைப் பார்த்தார்கள், பிறகு அண்ணனைப் பார்த்தார்கள். மூத்த லோடுமேன் தலைத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். லாரிக்காரர் ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

வைத்தியருக்கு வயிற்றில் பழைய எரிச்சல் இருக்கத்தான் செய்தது. சட்டென்று போய்விட அது என்ன தலைவலியா? ஆனால் உள்ளே அவள் விரல் இன்னும் அசையாமல் இருந்தது. அவர் அடுக்கிலிருந்து கையை உருவினார்.

"என் மூஞ்சிய என்னய்யா பாக்கறீங்க?" என்று அதட்டினார். "அவங்கதான் ஏத்தலாம்னு சொல்லிட்டாங்கல்ல. ஏத்துங்க."

கட்டுகள் நகர ஆரம்பித்தன. அவள் அவசரமாக ஊசியை எடுத்து நடுக்கட்டில் குத்தி, எண்ணைப் பார்த்து, நோட்டில் ஒன்று என்று போட்டுப் பக்கத்தில் எழுதினாள். கட்டுகள் நகர்ந்ததில் எழுதும்போது நோட்டு ஆடியது. வைத்தியர் நோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வெயில் நாள்னு எழுதிக்க" என்றார். "மழை நாளுக்குத் தனிப் பக்கம் போடு. அது வேற கணக்கு. நான் சொல்றேன்."